வீட்டில் இரண்டே பேர், தீபாவளிக்குப் பலகாரம் சுட வேண்டுமா?

தன்லின் அம்மா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே மழை ஓய்ந்துவிட்டது. நேற்று மாடியில் பாய்களைக் காயப்போட்டேன், சாயங்காலம் எடுக்கும்போது மொறமொறவென்று இருந்தன. வைகாசியிலிருந்து துணி காயாமல், உப்பு ஜாடி நீர் விட்டு, செருப்பில் பூஞ்சை பிடித்துக் கிடந்த வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பர்மாவில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பர்மியரின் விளக்குப் பண்டிகையான ததிஞ்சுட் பௌர்ணமியும் முடிந்தது. அடுத்த அமாவாசைக்குத் தீபாவளி.

என் கேள்வி இதுதான். மகன் பினாங்கில் இருக்கிறான். மகள் பாங்காக்கில், கல்யாணமாகிக் குடும்பத்தோடு இருக்கிறாள். மாமியார் போன மாசியில் காலமானார். இந்த வருஷம் வீட்டில் நானும் அவரும்தான். முறுக்கு அச்சை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு பாடு? கடையில அரை வீசை வாங்கிக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் முழங்கால் வலி தெரிந்து அக்கறையில்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

தீபாவளி மட்டுமா? ஆடிக்கூழ், பொங்கல், சித்திரையில் திஞ்சான் தண்ணீர்ப் பண்டிகைக்கு வாசலில் அண்டா நிறையத் தண்ணீர் வைப்பது, எல்லாமே பிள்ளைகள் இருந்ததால் செய்தது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இப்போது யாருக்காகச் செய்வது? ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021க்குப் பிறகு எங்கள் தெருவிலேயே பாதி வீடுகளில் பெரியவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்? மனசு விட்டுச் சொல்லுங்கள்.

மௌலமைன் வாத்தியார்

சுடுங்கள் அம்மா. தயங்காமல் சுடுங்கள்.

எங்கள் தெருவில் பர்மியர், மோன், கரென், தமிழ் முஸ்லிம் என்று எல்லாரும் இருக்கிறோம். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு வீட்டிலிருந்து தட்டு வந்துகொண்டே இருக்கும். பெருநாளைக்கு எதிர்வீட்டு பாய் டான்பௌக் பிரியாணி கொடுத்தனுப்புவார். கிறிஸ்துமஸுக்குக் கரென் அம்மா பிசைந்த அரிசிப் பலகாரத்தை வாழை இலையில் சுற்றி அனுப்புவார். தை முடிந்து மாசி பிறக்கும் சமயத்தில் பர்மியர் வீட்டிலிருந்து தமனே என்ற அரிசிப் பலகாரம் வரும். தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கும் அதிரசமும் போகும். நம் பிள்ளைகள் ஊரில் இல்லை என்பதற்காக அந்தத் தெருவில் நம் முறை தீர்ந்துபோகவில்லையே.

வந்த தட்டை வெறுமனே திருப்பக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்தார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது, இரண்டு வெற்றிலையாவது வைத்துத்தான் கொடுப்போம். இந்த ததிஞ்சுட்டுக்கு, நான் கோயில் மண்டபத்தில் கோடை விடுமுறையில் தமிழ் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளோடு, பக்கத்து வீட்டுப் பர்மியப் பிள்ளைகளும் வந்து காலில் விழுந்து கடோ என்ற வணக்கம் செய்தார்கள். கையில் ஒரு சோப்பு, ஒரு துண்டு, கொஞ்சம் பழம். தமிழ் படிக்காத பிள்ளைகள் அவர்கள். தெருவில் வயதானவர் என்ற ஒன்றுக்காகவே வந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தீபாவளியன்று நான் என்ன கொடுப்பேன்? கடையில் வாங்கியதையும் கொடுக்கலாம்தான். ஆனால் அவர்கள் வாசலில் நின்று கேட்பது, "ஆச்சி சுட்டதா?" என்றுதான்.

யங்கோன் கணக்கர்

ஐயா மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. இருந்தாலும் இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் அம்மா தீபாவளிக்கு முந்தின இரண்டு நாளும் அடுப்படியை விட்டு நகரமாட்டார். கரியடுப்பில்தான் எல்லாம். கால் வீங்கிப் போகும். விடிந்தால் எங்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, புதுத்துணி எடுத்துக் கொடுத்து, எல்லாரையும் சாப்பிட உட்காரவைத்துவிட்டு அவர் ஒரு மூலையில் படுத்துவிடுவார். தன் கையால் சுட்டதை அவர் அன்றைக்கு வாயில் போட்டு நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு "தயங்காமல் சுடுங்கள்" என்ற வார்த்தை சுலபமாகச் சொல்லக்கூடியதாகத் தெரியவில்லை. முழங்கால் வலி உள்ள ஒருவரிடம் தெரு முறையைச் சொல்லிச் சுமை ஏற்ற வேண்டாமே.

இன்னொன்று. சந்தோஷத்தை எல்லாம் பண்டிகையில் கொண்டுபோய் வைத்துவிட்டால் மற்ற நாளுக்கு என்ன மிஞ்சும்? அம்மா போய்விட்டார். அப்பா என்னோடு இருக்கிறார். மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை வட்ட ரயிலில் கூட்டிப் போவேன். யங்கோனைச் சுற்றி ஏறக்குறைய 46 கிலோமீட்டர், ஏறின இடத்திலேயே வந்து இறங்க மூன்று மணி நேரம் ஆகும். தன்யிங்கோன் நிலையத்தில் காய்கறிக்காரர்கள் கீரைக்கட்டுகளையும் பூசணிக்காய்களையும் ஜன்னல் வழியாகவே உள்ளே தள்ளுவார்கள். பெட்டி முழுக்கக் கொத்தமல்லி வாசம் அடிக்கும். அப்பா ஒவ்வொரு கட்டாகத் தூக்கிப் பார்த்து விலை கேட்பார். வாங்குவது என்னமோ ஒரு கட்டுப் புளிச்சக்கீரைதான். ஆனால் ஒரு வாரத்துக்குப் பேச அவருக்குக் கதை கிடைத்துவிடும். இதற்கு நாள் பார்க்க வேண்டாம், எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டாம்.

தன்லின் அம்மாவுக்கு நான் சொல்வது: உங்கள் வீட்டு ஐயா சொன்னபடி அரை வீசை வாங்கிக்கொண்டு, இரண்டு பேருமாக எங்காவது போய் வாருங்கள்.

வியாசர்பாடி பேத்தி

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஆயா ரங்கூனில் பிறந்தவர். 1964இல் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்ட பிறகு, கைக்குழந்தையாக இருந்த என் அப்பாவோடு கப்பல் ஏறி வந்தவர். தன்லின் அம்மா எழுதிய முதல் நான்கு வரியை ஆயா இருந்திருந்தால் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார்.

ஏனென்றால் கடைசிவரை அவரால் ஒத்துக்கொள்ளவே முடியாத ஒன்று, சென்னைத் தீபாவளியின் மழை. "தீபாவளின்னா மழை விட்டு வானம் வெளுத்துக் குளிர் எட்டிப்பார்க்கணும். இங்க என்னடா, அன்னைக்குத்தான் ஆரம்பிக்குது" என்பார். உண்மைதான். உங்களுக்குத் தென்மேற்குப் பருவமழை, வைகாசியில் தொடங்கி ஐப்பசியில் முடிகிறது. எங்களுக்கு வடகிழக்குப் பருவமழை, ஐப்பசியில்தான் பிடிக்கிறது. ஒரே பண்டிகைதான், அங்கே மழைக்கு வழியனுப்பு, இங்கே வரவேற்பு. வியாசர்பாடியில் தண்ணீர் தேங்கிய தெருவில் நனைந்த பட்டாசை அடுப்போரம் வைத்துக் காயவைத்துக்கொண்டே, ரங்கூனில் தீபாவளிக்கு முந்தின வாரம் வீடு வீடாகப் பாய் காயப்போடும் கதையை எங்களுக்குச் சொல்வார்.

ஆனால் ஆயா ஒன்று செய்தார். இங்கே ஆடியிலோ ஆவணியிலோ சாயங்காலம் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால், அதுதான் தன்னுடைய ரங்கூன் மழைக்காலம் என்று முடிவு கட்டிவிடுவார். அன்றைக்கு மொயிங்கா, பர்மாவின் மீன் குழம்புச் சேமியா. வாழைத்தண்டைப் பொடியாக நறுக்கி நார் எடுத்து மோரில் போடுவார். மீனை எலுமிச்சைப் புல்லோடு வேகவைத்து முள்ளெடுத்து உதிர்ப்பார். கடலை மாவைச் சிவக்க வறுத்துக் கரைத்து ஊற்றுவார். தட்டில் சேமியாவைப் போட்டு, குழம்பை மேலே விட்டு, பேஜோ என்ற மொறுமொறு வடையை நொறுக்கித் தூவி, கடைசியாக எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பார். இன்றைக்கு பீச் ஸ்டேஷன் எதிரே பர்மிய நூடுல்ஸ் விற்கிற அத்தோ கடைகளில் கூட்டம் அலைமோதுகிறது. ஆயா ஒரு தடவை அங்கே சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா வெயில்ல நின்னுக்கிட்டு மொயிங்கா சாப்பிடுறாங்களே" என்று வருத்தப்பட்டார்.

அவரைச் சுற்றி அந்தப் பருவத்தைப் புரிந்துகொள்கிற ஆள் ஒருத்தர்கூட இல்லை. இருந்தும் செய்தார், எங்களுக்கும் ஊட்டினார். இப்போது நான் செய்கிறேன். அதனால் என் வாக்கு வாத்தியார் ஐயா பக்கம்தான்.

சௌத்தான் விவசாயி

படித்துக்கொண்டே வந்தேன், நானும் நாலு வார்த்தை எழுதலாம் என்று தோன்றியது. நாங்கள் சௌத்தானில் நெல்லும் உளுந்தும் போடுகிறோம். தாத்தா காலத்திலிருந்து அதே நிலம்.

எங்களுக்குப் பருவம் என்பது செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்கிற காரியம் இல்லை. ஆனி, ஆடியில் நடவு. கார்த்திகை, மார்கழியில் அறுப்பு. அறுத்த தாளடியில் ஈரம் காய்வதற்குள் உளுந்தை விதைத்துவிட வேண்டும். உளுந்துக்கு மழை தேவையில்லை. மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் மார்கழிப் பனியும் போதும். பொங்கலன்று எங்கள் வாசலில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் வைக்கோல் போர், இன்னொரு பக்கம் முழங்காலுக்குக் கீழே பச்சைப்பசேலென்று உளுந்து. மாசி, பங்குனியில் பறிப்போம். இந்தியா வெளியே வாங்குகிற உளுந்தில் பெரும்பகுதி பர்மாவிலிருந்துதான் போகிறது. சென்னைத் தங்கச்சி காலையில் சாப்பிடுகிற இட்லியில் எங்கள் ஊர் உளுந்தும் இருக்கலாம்.

ஏற்ற இறக்கத்தைப் பற்றிக் கேட்டால் எங்களைக் கேளுங்கள். 2008 மே 2 ராத்திரி நர்கிஸ் புயல் அடித்தது. கூரை போனது, விதைநெல் நனைந்தது, ஆற்றோர வயல்களில் உப்புத் தண்ணீர் ஏறியது. 2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்து இறக்குமதிக்கு அளவு கட்டியதும் விலை தரையில் விழுந்தது. மூட்டையை வீட்டுக்குள்ளேயே அடுக்கி வைத்துக்கொண்டு அதன்மேல் படுத்தோம். அப்புறம் 2021இல் வருஷத்துக்கு 2,50,000 டன் உளுந்து வாங்குவதாக ஒப்பந்தம் ஆனது, மூச்சு விட முடிந்தது.

நர்கிஸுக்கு அடுத்த தையில் எங்கள் அப்பா பொங்கல் வைத்தார். சொந்த அரிசி இல்லை, நிவாரணத்துக்கு வந்த அரிசி. பானையும் பக்கத்து ஊரில் இரவல் வாங்கியது. அம்மாவுக்கு விருப்பமே இல்லை. "யாருக்கு நன்றி சொல்லப் போறீங்க?" என்று கேட்டார். அப்பா பதில் பேசவில்லை. மாடுகளில் ஒன்று பிழைத்திருந்தது, அதைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசிக் கட்டினார். பால் பொங்கினபோது அம்மாதான் முதலில் குலவை போட்டார். எனக்கு அந்தப் பொங்கல்தான் இன்றுவரை பெரிய பொங்கல். கணக்கர் தம்பி சொல்வதும் சரிதான், அம்மாமார் படுகிற பாடு நிஜம். ஆனால் அன்றைக்கு அந்தப் பானையை வைக்காமல் விட்டிருந்தால் எங்கள் வீட்டில் அடுத்த நடவுக்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

பாங்காக்கில் ஒரு மகள்

நான் தன்லின் அம்மாவின் மகள் இல்லை, இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் என் அம்மாவும் பர்மாவில் தனியாகத்தான் இருக்கிறார்.

வெளியூரில் இருக்கிற பிள்ளைகளின் பக்கத்தையும் கேளுங்கள். இங்கே தீபாவளிக்கு எங்களுக்கு லீவு கிடையாது. பர்மாவில் அது அரசாங்க விடுமுறை, இங்கே சாதாரண வேலை நாள். காலையில் ரயிலில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போன் போடுவேன். பின்னால் எண்ணெய் காய்கிற சத்தம் கேட்கும், அம்மா "இரு இரு, கருகிடும்" என்று போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டுப் போவார். எனக்கு அடுப்படிக் கூரையும் ஒரு மூலையில் தொங்குகிற வெங்காயச் சரமும்தான் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே மூன்று நிலையம் போய்விடுவேன். அன்றைய நாள் நன்றாக ஓடும்.

போன வருஷம் அம்மா, "ஒன்னும் பண்ணலம்மா, நீங்க யாரும் இல்ல, எதுக்கு" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா, எங்களிடம் சொல்லாமல் மறைக்கிறாரா என்று பயம். நாங்கள் கிளம்பி வந்ததனால்தான் அந்த வீடு நின்றுபோனது என்ற நினைப்பு வேறு. பிள்ளைகள் இல்லையே என்று நீங்கள் நிறுத்துகிறீர்கள். நீங்கள் அங்கே வழக்கம்போல இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் நாங்கள் இங்கே காலத்தை ஓட்டுகிறோம்.

நிறையச் செய்யச் சொல்லவில்லை அம்மா. ஒரு சட்டி போதும்.

யங்கோன் கணக்கர்

தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டத் தோன்றவில்லை. சௌத்தான் அண்ணன் சொன்னதும் மனசில் நிற்கிறது. ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. வேலையை யார் செய்வது?

வாத்தியார் ஐயா தமனேயைச் சொன்னார். அதையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பேட்டையில் தமனே கிண்டுவது ஆண்கள்தான். பெரிய இரும்புச் சட்டியில் கவுனி அரிசி, தேங்காய், எள், வேர்க்கடலை, இஞ்சி, எண்ணெய். இரண்டு பேர் எதிரெதிரே நின்று துடுப்பு மாதிரி நீளமான மரக்கரண்டியால் அழுத்திக் கிண்டுவார்கள். அரிசி மசிய மசிய இழுக்கவே முடியாது, தோள் கழன்றுவிடும். நானும் கிண்டியிருக்கிறேன், வேர்த்துக் கொட்டும். மாசிக் குளிரில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிண்டுவோம். பெண்கள் சுற்றி உட்கார்ந்து தேங்காய் கீறிக்கொண்டும் எள் புடைத்துக்கொண்டும் பேசுவார்கள். அங்கே யாரும் களைத்துப்போய் மூலையில் படுப்பதில்லை. வேலை பங்காகிப் போகிறது.

நம் வீட்டு முறுக்கு மட்டும் ஏன் அம்மாவின் தனிப்பாடாக இருக்க வேண்டும்? அச்சைப் பிழிவதற்குத்தான் கைப்பலம் வேண்டும். தன்லின் ஐயா பிழியட்டும். உட்கார்ந்து செய்ய வசதியாக அடுப்பை மேசை உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். இதற்குச் சம்மதம் என்றால் நானும் "சுடுங்கள்" என்பவர்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.

மாண்டலே வாசகி

நான் இங்கே எழுதுவது குறைவு. இதற்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் ஊரில் பூமி ஆடியது. 7.7 அளவு. எங்கள் வீடு விழவில்லை, ஆனால் படிக்கட்டுச் சுவர் பிளந்துவிட்டது, உள்ளே படுக்கப் பயம். தெரு முழுக்க ரோட்டில் பாய் விரித்துப் படுத்தது. பகலில் 40 டிகிரி வெயில். கொசு. ராத்திரி சின்ன ஆட்டம் வந்தாலும் குழந்தைகள் அலறி எழுந்துவிடும். தெரிந்தவர்கள் வீட்டில் உயிர்ச்சேதம். அந்த நிலைமையில்தான் திஞ்சான் வந்தது. பாட்டு இல்லை, மேடை இல்லை, யாரும் யார்மேலும் தண்ணீர் ஊற்றவில்லை.

ஏப்ரல் 14 நமக்கு வருஷப்பிறப்பு. நான் அதை நினைக்கக்கூட இல்லை. என் கொழுந்தனார் பெண், பத்து வயசு, தெருமுனை வேப்பமரத்தடியில் உதிர்ந்து கிடந்த பூவை ஒரு மூடியில் அள்ளிக்கொண்டு வந்து, "பெரியம்மா, இன்னைக்கு இதுல பச்சடி வைப்பீங்கல்ல" என்றாள். மாண்டலே பக்கம் வேப்பமரத்துக்குப் பஞ்சமில்லை, பங்குனி சித்திரையில் எங்கே பார்த்தாலும் பூதான். மூன்று செங்கலை அடுக்கி அடுப்பு மூட்டினேன். பையில் கொஞ்சம் பனைவெல்லம் இருந்தது. புளி, பக்கத்துப் பாயில் இருந்த பர்மியப் பாட்டி கொடுத்தார். மாங்காய் கிடைக்கவில்லை. பச்சடி எல்லாருக்கும் ஒரு கரண்டி கூட வரவில்லை, விரலால் தொட்டு நக்கினோம். அந்தப் பாட்டியும் நக்கிவிட்டு, "எங்கள் வேப்பிலையைவிடக் கசப்புக் குறைவு" என்று சிரித்தார். நிலம் ஆடின பிறகு அந்தத் தெருவில் பெரியவர்கள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

வீடு இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. இந்தத் தீபாவளிக்கு நாங்கள் எண்ணெய்ச் சட்டி வைக்கப் போவதில்லை, அதற்கு இடமும் இல்லை, துக்க வீடுகள் வேறு இருக்கின்றன. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்போம், ஒரு அகல் ஏற்றுவோம். தன்லின் அக்கா, வருஷாவருஷம் ஒரே அளவாகச் செய்ய வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மாமியார் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை என்கிறீர்களே, உங்கள் வீட்டு வழக்கப்படி பலகாரம் சுடலாமா என்றும் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மௌலமைன் வாத்தியார்

மாண்டலே அம்மா, நீங்கள் எழுதியதற்குக் கைகூப்புகிறேன். கடைசியில் கேட்டது மிக முக்கியமான விஷயம், எனக்கு அது தோன்றவே இல்லை. தலைவருஷம் பண்டிகை கொண்டாடாத குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட வீடுகளுக்கு மற்ற வீடுகளிலிருந்து பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பதும் நம் வழக்கம்தான். தன்லினில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கவனியுங்கள்.

வேப்பம்பூவைச் சொன்னதும் பதௌக் பூ நினைவுக்கு வருகிறது. சித்திரையில் முதல் மழை விழுந்ததும் ஊர் முழுக்க மஞ்சளாகப் பூக்கும். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் எல்லாம் தரையில் கிடக்கும். நம் வேங்கைக்கு அது தாயாதி மரம். வேங்கை பூத்தால் கல்யாணக் காலம் என்று சங்கப் பாட்டில் வரும். இங்கே பதௌக் பூத்தால் பெண்பிள்ளைகள் விடியற்காலையிலேயே மரத்தடிக்கு ஓடுவார்கள், கொண்டையில் செருகிக்கொண்டு திஞ்சானுக்குப் போக வேண்டும். நான் வகுப்பில் அந்த ஒரு நாள் இலக்கணம் நடத்தமாட்டேன். பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்து வேங்கைப் பாட்டைச் சொல்வேன். யார் தலையிலாவது பூ உதிர்ந்தால் வகுப்பே ஆரவாரம் செய்யும்.

தன்லின் அம்மா

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ராத்திரி மின்சாரம் வந்த நேரத்தில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். பாங்காக் மகள் எழுதியதை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார்.

மாண்டலே தங்கச்சி கேட்டது சரியான கேள்வி. என் நாத்தனாரிடம் கேட்டேன். எங்கள் வீட்டில் தலைவருஷம் எண்ணெய்ச் சட்டியைப் பண்டிகைக்கு முந்தி வைக்கக் கூடாது, சாமிக்குப் படைக்கக் கூடாது, ஆனால் பண்டிகை கழிந்து மூன்றாம் நாள் சுட்டு நாலு பேருக்குக் கொடுக்கலாம், மாமியாருக்கும் அவர் விரும்பினதைப் படைத்துக் கும்பிடலாம் என்றார். அவருக்குப் பிடித்தது தேங்காய்ப்பால் முறுக்கு. பல் போன பிறகும் டீயில் முக்கிச் சாப்பிடுவார். ஆகவே சுடப் போகிறேன். ஒரே சட்டி. அவர்தான் பிழியப் போகிறார், வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். போன வருஷம் மழை திரும்பி வந்ததால் இரண்டு நாளில் எல்லாம் நமுத்துப் போயிற்று. தேங்காய்ப்பால் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் நமுக்குமா?

பேகு மருமகள்

இதுவரை சும்மா படித்துக்கொண்டிருந்தேன் அக்கா, இந்தக் கேள்விக்கு நான் வந்துதான் ஆக வேண்டும்.

நமுத்துப் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் உள்ளே ஈரம் இருக்கும்போதே எடுத்துவிடுவது. தேங்காய்ப்பால் முறுக்கு சீக்கிரம் நிறம் பிடிக்கும், வெந்துவிட்டது என்று நினைத்து எடுத்துவிடுவோம். தீயைக் குறைத்து, எண்ணெயில் சலசலப்பு முழுசாக அடங்கும்வரை விடுங்கள். முதல் பாலை மட்டும் எடுத்து, லேசாகச் சூடாக்கி மாவில் ஊற்றுங்கள், கொதிக்க வேண்டாம். நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு. மாவு முழுவதையும் ஒரே தடவையில் பிசையாதீர்கள். இரண்டு ஈடுக்கு ஆகும் அளவு மட்டும் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடுங்கள், பிசைந்து நேரமானால் எண்ணெய் குடிக்கும். எடுத்ததைத் தாளில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். பழைய பிஸ்கட் தகர டப்பா இருந்தால் அதுதான் நல்லது. அடியில் ஒரு துணி முடிச்சில் வறுத்த அரிசியைக் கட்டிப் போட்டுவிடுங்கள், ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பகலில் வெயில் இருக்கும்போது சுடுங்கள், மின்சாரத்தை நம்பி ராத்திரிக்கு வைக்காதீர்கள்.

சௌத்தான் விவசாயி

அக்கா, உளுந்துக்குக் கடைக்குப் போகாதீர்கள். போன மாசியில் பறித்தது வீட்டில் இருக்கிறது, வெயிலில் காயவைத்துப் புடைத்து வைத்திருக்கிறோம். தன்லினுக்கு எங்கள் பையன் வாரம் ஒருமுறை வருவான். எங்கே கொண்டுவந்து கொடுக்கலாம் என்று தனிமடலில் சொல்லுங்கள். ஒரு வீசை அனுப்புகிறேன், முறுக்குக்குப் போக மிச்சம் இட்லிக்கு ஆகும். காசு வேண்டாம்.

தன்லின் அம்மா

தனிமடல் அனுப்பியிருக்கிறேன் அண்ணே. பையனைச் சாப்பிடாமல் திருப்பி அனுப்பமாட்டேன், காலையிலேயே வரச் சொல்லுங்கள். பேகு தங்கச்சி, வறுத்த அரிசி முடிச்சு எனக்குப் புதுசு, கட்டாயம் செய்து பார்க்கிறேன். மகளிடமும் சொல்லிவிட்டேன். சுடும்போது போன் போடுவதாகச் சொன்னாள், மத்தியானம் அவளுக்குச் சாப்பாட்டு நேரமாம். ஆகவே அடுப்பு பன்னிரண்டு மணிக்கு.